பெற்றோர் சேர்ந்து நடத்தும் காப்பகத்தில் குழந்தையின் ஆள் யார்?

பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது நேரம், கட்டணம், எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள் என்பதைத்தான். "என் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களும் "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலில் நிம்மதியாகிவிடுகிறார்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதில் வந்தால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குத் தன் ஆள் என்று ஒருவர்கூட இல்லாமல் போய்விடலாம்.

இது யாருடைய அக்கறைக் குறைவாலும் வருவதில்லை. நல்ல மனதால்தான் வருகிறது. பணம் குறைவு, ஆள் குறைவு. அதனால் பெற்றோர் முறைவைத்து வந்து உதவுகிறார்கள். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை வேறு இருவர். வருகிற ஒவ்வொருவரும் குழந்தைகள்மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனால் 14 மாதக் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். ஒருவர் தூக்கும் விதம் வேறு, இன்னொருவர் ஊட்டும் வேகம் வேறு. ஒரு குழந்தை காதைத் தேய்த்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் குழந்தை அதையே செய்தால் காது வலிக்கிறது என்று அர்த்தம். தினமும் அந்தக் குழந்தையோடு இருப்பவருக்கு இது பார்த்ததும் தெரியும். இன்றைக்கு முதல்முறையாக வந்தவருக்குத் தெரியாது. ஆக, தனக்கு என்ன வேண்டும் என்பதைக் குழந்தை ஒவ்வொரு நாளும் புதிதாக ஒருவருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. பேச்சு வராத வயதில் அது பெரிய பாரம்.

மக்கள் சேர்ந்து நடத்துவது தரத்தில் இரண்டாம்பட்சம் என்று நான் சொல்லவில்லை. உலகமே போய்ப் பார்த்துவிட்டு வரும் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா பாலர் பள்ளிகளின் தொடக்கம் அப்படிப்பட்டதுதான். 1945இல் போர் முடிந்ததும், அந்நகரின் அருகே வில்லா செல்லா என்ற சிற்றூரில் மக்கள், ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றுக் கிடைத்த பணத்தில் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி கட்ட ஆரம்பித்தார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் அங்கே போன இளம் ஆசிரியர் லோரிஸ் மாலகுஸ்ஸி அந்த வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தார். அந்தப் பள்ளிகளில் பெற்றோர் எல்லா முடிவுகளிலும் கலந்துகொள்கிறார்கள். ஆனால் குழந்தைகளோடு இருக்கும் ஆசிரியர்கள் மாறுவதில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒரே குழுவோடு 3 வருடங்கள் சேர்ந்து பயணிப்பது அங்கே வழக்கம். நியூசிலாந்தில் 1941இல் தொடங்கிய பிளேசென்டர் என்ற பாலர் மைய இயக்கத்தை நடத்துபவர்களும் பெற்றோர்தான். அவர்கள் அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல மனது இருந்தால் போதும், குழந்தைகளோடு உட்கார்ந்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாக ஒரு பராமரிப்பாளரைக் குறித்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் குழந்தைக் கல்வியாளர் எலினார் கோல்ட்ஷ்மீட். இன்று இங்கிலாந்தில் அது சட்டப்படி கட்டாயம். அங்கே 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளராவது இருக்க வேண்டும். கையில் பணம் இல்லாத காப்பகத்துக்கு இந்த எண்ணிக்கை எட்டாததாகத் தோன்றலாம். ஆனால் பொறுப்பாள் ஒருவரைக் குறித்து வைக்கக் கூடுதல் பணம் தேவையில்லை. இருக்கிற ஆட்களையே, இந்தக் குழந்தைகள் இவருடையவர்கள் என்று பிரித்துவிட்டால் போதும். காலையில் வாசலில் குழந்தையை வாங்குவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது, மாலையில் அம்மாவிடமோ அப்பாவிடமோ நடந்ததைச் சொல்வது எல்லாம் முடிந்தவரை அவரே செய்ய வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், விடுப்பு வேண்டியிருக்கலாம். அதனால் இரண்டாவதாக ஒருவர் வேண்டும். அவரும் குழந்தைக்கு முன்பே பழகியவராக இருக்க வேண்டும்.

"அதெல்லாம் பராமரிப்பு. படிப்பு எப்போது?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் லோட்சி தெருவில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். டயப்பர் மாற்றுவதைச் சீக்கிரம் முடித்துத் தள்ளவேண்டிய வேலையாக அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், அவசரப்படாமல், என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று தன் ஊழியர்களைப் பழக்கினார். "இப்போது இந்தக் காலைத் தூக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தால், சில வாரங்களில் குழந்தை தானே காலைத் தூக்கும். அந்த நொடியில் அது ஒரு வார்த்தையின் பொருளைப் பிடித்திருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று கணித்திருக்கிறது, தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கும் என்று உணர்ந்திருக்கிறது. நாளுக்கு ஐந்தாறு முறை இது நடக்கிறது. எந்த அட்டையைக் காட்டி இதைச் சொல்லித் தர முடியும்? ஆனால் மாற்றுகிற கை தினமும் வேறு என்றால் வரிசையும் தினமும் வேறாகிவிடும். அப்புறம் கணிக்க எதுவும் இல்லை. குழந்தை சும்மா படுத்துக்கிடக்கும், இல்லையென்றால் உதைக்கும்.

பேச்சும் அப்படித்தான் வளர்கிறது. குழந்தை ஒரு சத்தம் எழுப்புகிறது, பெரியவர் அதற்குப் பதில் சொல்கிறார், குழந்தை மறுபடி ஒன்று சொல்கிறது. இப்படி மாறிமாறிப் போவதுதான் மூளையின் இணைப்புகளைக் கட்டுகிறது என்று ஹார்வர்டின் குழந்தை வளர்ச்சி மையம் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. ஒரு வயதுக் குழந்தையின் அரைகுறைச் சொல்லைப் பிடித்துக்கொள்ள, நேற்று அது எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. பல வருடங்களில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. 3 வயதில் பாதி வேலைகூட முடிந்திருக்காது. களிமண்ணைப் பிசைவதும், தண்ணீரை ஊற்றுவதும், மூடியைத் திருகுவதும் அந்தக் கைக்குத் தேவையான வேலைகள். பென்சில் கொஞ்சம் பொறுக்கட்டும்.

முதல் வாரங்களுக்கு வருவோம். குழந்தையைப் பழக்கப்படுத்த ஜெர்மனியில் பரவலாக இருக்கும் பெர்லின் முறை எனக்குப் பிடித்தது. முதல் 3 நாட்கள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அறையிலேயே இருக்கிறார், பிரிவே கிடையாது. 4ஆம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் சில நிமிடங்கள், அதிகபட்சம் அரைமணி நேரம். அழும் குழந்தையைப் பராமரிப்பாளரால் சமாதானப்படுத்த முடிகிறதா என்று பார்த்து, அதை வைத்து மேற்கொண்டு எவ்வளவு நாள் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பராமரிப்பாளர் ஒருவரே என்று இருந்தால்தான் இந்த முறை நடக்கும். தினம் வேறு ஆள் என்றால் குழந்தை யாரிடம் பழகுவது?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அத்தனை நாள் விடுப்பு கிடைக்காது என்பது தெரியும். தாத்தாவோ பாட்டியோ வந்து உட்காரலாம். அதுவும் முடியாதென்றால், இரண்டு விஷயங்களை மட்டுமாவது விடாதீர்கள். குழந்தை விளையாட்டில் இருக்கும்போது நைசாக நழுவிப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் அழும், உண்மைதான். சொல்லாமல் போனால், நீங்கள் எப்போது மறைவீர்கள் என்று தெரியாமல் நாள் முழுக்க உங்களைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும், விளையாடாது. இரண்டாவது, அமைதியான குழந்தையை "நல்லா செட்டாகிவிட்டது" என்று உடனே நம்பிவிடாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு குழந்தைகளைக் கவனித்து எழுதினார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழந்த அமைதி, அதன்பின் ஒட்டாத விலகல் என்று அவர் பார்த்தார். காப்பகம் மருத்துவமனை இல்லை, பிரிவும் சில மணி நேரம்தான். ஆனாலும் அழாமல், சாப்பிடாமல், ஒரு பொம்மையைக் கையில் பிடித்தபடி ஓரமாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும். அழுகிற குழந்தை யாரிடமோ எதையோ கேட்கிறது. கேட்பதையே விட்டுவிட்ட குழந்தையின் பக்கத்தில்தான் முதலில் போய் உட்கார வேண்டும்.

விளையாட்டில் பெரியவர்கள் வீணாகக் கவலைப்படும் இடம் ஒன்று உண்டு. 2 வயதுக் குழந்தைகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் தனித்தனியே விளையாடுவார்கள். "சேர்ந்து விளையாடுங்க, பகிர்ந்துக்கணும்" என்று சொல்லிப் பொம்மையைப் பிடுங்கிக் கொடுப்பது நம் பழக்கம். இந்தப் பக்கத்துப்பக்க விளையாட்டு ஒரு முறையான கட்டம் என்று ஆய்வாளர் மில்ட்ரட் பார்ட்டன் 1932இலேயே எழுதிவிட்டார். அவர்களை அப்படியே விடலாம். ஒரே மாதிரி பொம்மை இரண்டு இருந்தால் பாதிச் சண்டை வராது. கடிப்பதும் இந்த வயதில் சகஜம். கடித்த குழந்தையின் பெயரை மற்ற பெற்றோரிடம் சொல்ல வேண்டாம். எந்த நேரத்தில், எதற்கு முன்னால் கடிக்கிறது என்று பொறுப்பாள் சில நாள் குறித்து வைத்தால் காரணம் பிடிபடும். பசி, நெரிசல், முளைக்கும் பல், ஏதோ ஒன்று.

சரி, முறைவைத்து வரும் பெற்றோரை என்ன செய்வது? அவர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட காப்பகமே இல்லை. சமையல், கழுவுதல், பொம்மை பழுது, தோட்டம், கணக்கு, பெரிய குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது என்று வேலை கொட்டிக் கிடக்கிறது. அந்த வேலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டால் பராமரிப்பாளர் குழந்தையை விட்டு எழுந்து போகவேண்டியிருக்காது. டயப்பர் மாற்றுவதும் தூங்கவைப்பதும் மட்டும் அவர்களிடம் போகக் கூடாது. பின்னணி சரிபார்க்கப்படாத யாரும் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது. தெரிந்தவர்தானே, பக்கத்து வீட்டுக்காரர்தானே என்று விதிவிலக்கு கொடுக்கவே கூடாது, நிர்வாகக் குழுத் தலைவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தன் குழந்தை இருக்கும் அறையில் அம்மாவோ அப்பாவோ முறைக்கு வந்தால், அந்தக் குழந்தை அன்றைக்கு மற்றவர்களை அவரிடம் நெருங்கவிடாது. அது அடம் இல்லை. தன் அம்மா மடியில் வேறு குழந்தை உட்கார்ந்திருப்பதை அதனால் எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? அவரை வேறு அறைக்கு அனுப்புங்கள்.

கை மாறும்போது ஆபத்து எங்கே நுழையும் என்பதற்குத் தூக்கம் ஒன்றே போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை சமமாகவும் அழுத்தமாகவும் இருக்க வேண்டும், தலையணையோ தளர்வான போர்வையோ மெத்தென்ற பொம்மையோ கூடாது. அமெரிக்காவில் 1994இல் இதற்கென்றே பிரசாரம் தொடங்கி, திடீர் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் தன் குழந்தையைக் குப்புறப் போட்டு வளர்த்த ஒருவர், "இப்படிப் போட்டால்தான் நன்றாகத் தூங்கும்" என்று பிரியத்தோடு குப்புறப் படுக்கவைத்துவிடலாம். மல்லாக்கப் படுத்தே பழகிய குழந்தையைத் திடீரென்று ஒரு நாள் குப்புறப் போடுவது இன்னும் ஆபத்தானது. இன்றைக்கு மட்டும் உதவிக்கு வந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் அடியில் சம்பளம் இருக்கிறது. பணம் இறுக்கமானால் நிர்வாகக் குழு முதலில் கைவைப்பது ஊழியர் சம்பளத்தில், கடைசியில் கைவைப்பது சுவர் ஓவியத்தில். எனக்கு இது புரிவதே இல்லை. மிச்சிகனில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் இருந்தவை 123 குழந்தைகள். 58 பேரைப் பள்ளியில் சேர்த்தார்கள், 65 பேரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்க்காமல் விட்டார்கள். பள்ளிக்கு வந்தவர்களின் வாழ்க்கை பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தகுதிபெற்ற ஆசிரியர்கள் சிறு குழுக்களோடு வேலை செய்தார்கள், வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போனார்கள். அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு நிலைத்து நிற்கும் ஆசிரியர் வேண்டும். குழுக் கூட்டத்தில் வரவுசெலவு படிக்கும்போது, கடந்த வருடம் எத்தனை பராமரிப்பாளர்கள் விலகினார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் யாராவது விலகத்தான் செய்வார்கள். அப்போது புதியவர், பழையவர் இருக்கும்போதே வந்து குறைந்தது இரண்டு வாரமாவது உடன் இருக்கட்டும். முதலில் விளையாட்டில், பிறகு ஊட்டுவதில், கடைசியாகத் தூங்கவைப்பதில் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவர் பொறுப்பேற்கலாம். தூக்கத்தில்தான் குழந்தைக்கு நம்பிக்கை அதிகம் வேண்டும். காதைத் தேய்த்தால் என்ன அர்த்தம், எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எதைக் கண்டால் பயம் என்பதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போகிறவர் கடைசி நாளில் குழந்தையிடம் தான் போவதைச் சொல்ல வேண்டும். அதற்குப் புரியாது என்று விட்டுவிடக் கூடாது. அவருடைய புகைப்படம் ஒன்று குழந்தையின் உயரத்தில் சுவரில் இருக்கட்டும். குழந்தை அதைக் காட்டிக் கேட்டால், புதியவர் அவர் பெயரைச் சொல்லிப் பேசலாம்.