லீடர் வாங்கிய ஐந்து ரூபாய்

வட சென்னையில் குழந்தைகள், குடும்பங்களுக்கான மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இங்கே நான் சொல்லும் குடும்பங்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த பேச்சை மாற்றவில்லை.

2017 ஜூலையில், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை என்னிடம் அனுப்பினார்கள். சீட்டில் 'திருட்டுப் பழக்கம்' என்று எழுதியிருந்தது. அவள் எதையும் திருடவில்லை. அவள் வகுப்பு லீடர். டீச்சர் வெளியே போகும்போது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது அவள் வேலை. ஐந்து ரூபாய் கொடுத்தால் பெயரை அழித்துவிடுவாள். கொடுக்க முடியாதவன் பெயர் அப்படியே நிற்கும், அவன் முட்டி போடுவான். மூன்று வாரம் இப்படி ஓடியிருக்கிறது. திரும்பத் திரும்ப முட்டி போட்ட ஒரு பையனின் ஆயா பள்ளிக்கு வந்து சண்டை போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. (முட்டி போட வைப்பதும் தவறுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடலாலும் மனதாலும் வதைக்கும் தண்டனைகளைத் தடை செய்கிறது. அதைப் பள்ளியில் தனியாகப் பேசினேன்.)

"இது தப்புன்னு தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"மொதல்ல நான் கேக்கவே இல்ல மேடம். அவங்களாதான் குடுத்தாங்க." கொஞ்ச நேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வூட்லகூட வாங்குனாங்க. அவங்கள யாரும் கூப்ட்டு கேக்கல."

அவள் எதைச் சொல்கிறாள் என்று இந்தப் பகுதியில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நடக்க வேண்டியது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. பிறகு டிசம்பர் 21ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. நடுவில் கிடந்த அந்த எட்டு மாதத்தில் பெரியவர்கள் டீக்கடையில் பேசியதையும் வாசலில் உட்கார்ந்து பேசியதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

மறுவாரம் பெற்றோர் வந்தார்கள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "எல்லாம் செல்போனாலதான் மேடம்" என்று ஆரம்பித்தார். பிள்ளை சொன்னதை நான் சொன்னதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா குனியவில்லை. "அது நம்ம துட்டு மேடம். நம்மகிட்ட அடிச்சதுல ஒரு துளி திருப்பிக் குடுக்குறானுங்க. வாங்கிக்குனு நம்ம இஷ்டத்துக்குப் போடவேண்டிதுதான். இதுல இன்னா தப்பு?"

இந்த வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. சாக்கடையும் குப்பைமேடும் புகைக்கூண்டும் தங்கள் பக்கம் தள்ளப்பட்டுவிட்டதாக நினைக்கும் ஒரு மனிதரின் கோபம் அதில் இருக்கிறது. ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173ஆம் பிரிவுகளில் இருக்கிறது. என்னை அதிகமாக உறுத்தியது சட்டம் அல்ல. தினமும் இரவு டிவி விவாதத்தைப் பார்த்து 'அத்தன பேரும் திருடனுங்க' என்று சத்தம் போடுகிறவர் அவர் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். ஊழல் கெட்டது என்பதையும், தானாக வருகிற துட்டு ஊழல் இல்லை என்பதையும் ஒரே கூடத்தில், ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். இரண்டாவதில்தான் அவளுக்குக் கைக்கு எட்டும் வேலை ஒன்று இருந்தது. சாக்பீஸும் பலகையும் அவளிடம் இருந்தன.

பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் பிள்ளை சீக்கிரம் மாற்றிக்கொண்டுவிடலாம். ஒரு தப்புக்கு நீங்கள் சொல்லும் காரணம் இருக்கிறதே, அதை அப்படியே எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறது.

எந்த வயதில் எதை எடுக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதியவர். 1932இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு கேள்வி வரும். தெரியாமல் கதவைத் தள்ளி 15 கோப்பைகளை உடைத்த பிள்ளை, திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைத்த பிள்ளை, இருவரில் யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் 15 கோப்பை என்பார்கள். ஒன்பது, பத்து வயதை நெருங்கும்போது, ஒருவர் என்ன நினைத்துச் செய்தார் என்று பார்க்கத் தொடங்குவார்கள். நம் தெருக்களில் இதைக் கேரம் பலகையில் பார்க்கலாம். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அண்ணன் சொன்ன சட்டம். பத்து வயதுப் பிள்ளை, "அவன் கை தட்டுனதாலதான் உள்ள போச்சு" என்று வழக்குப் பேசும். அந்த வயதில்தான் பெற்றோரின் அரசியல் பேச்சு பிள்ளையின் உள்ளே போய் உட்கார்கிறது. அதற்கு முன்பு அவர்களுக்குக் கொடியின் நிறமும் ஆட்டோ ஸ்டாண்டுப் பலகையும்தான் தெரியும். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949இல் ஒரு பெரிய கட்சியே தொடங்கிய ஊர் இது. வீட்டில் அரசியல் பேசாதீர்கள் என்று இங்கே யாரிடமும் நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

இதற்கு நேரெதிரான வீடும் என்னிடம் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, கொடுங்கையூர்ப் பக்கம். பையன் பத்தாவது. அரையாண்டு ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான். பிடிபட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. அப்பாவுக்கு மூலக்கடைப் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை. நேர்மையான உழைப்பாளி, ஒருவரிடமும் கடன் இல்லாதவர். "இலவசம் குடுத்து ஜனங்கள சோம்பேறி ஆக்கி வெச்சிருக்கானுங்க. உழைக்காதவன்தான் சாக்கு சொல்லுவான். இத நான் புள்ளைக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன் மேடம்" என்றார். அதைப் பெருமையாகவே சொன்னார், பெருமைப்பட அவருக்கு உரிமையும் உண்டு.

பையனோடு தனியாகப் பேசினேன். புயலில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த புத்தகமும் நோட்டும் ஊறிப்போயின. நான்கு நாள் கரண்ட் இல்லை. "அப்பாகிட்ட சொன்னியா?" என்றால், "சொன்னா சாக்குன்னுவாரு." அதே அப்பா தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே ஊற்றியவர்தான். பட்டறையில் மோட்டார் போனதைச் சரிசெய்ய ஓடிக்கொண்டிருந்ததால் புத்தகம் நனைந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வெள்ளமும் தன் குற்றமாகிவிட்டது. இப்படி ஒடுங்கும் பிள்ளைகளை நான் சாதாரணமாக விடுவதில்லை. உயிரோடு இருந்து என்ன பயன் என்பதுபோல ஒரு சொல் வந்தாலே உடனே உதவி தேட வேண்டும். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098, இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

அந்த அப்பாவிடம் அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். மாநகராட்சிப் பள்ளி. மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? சற்று யோசித்து, "சத்துணவு" என்றார். "அதுக்காக நீங்க சோம்பேறி ஆகலையே சார்?" என்று மட்டும் கேட்டேன். 1982இல் விரிந்த அந்தத் திட்டத்துக்கு முன்பு காமராசர் காலத்து மதிய உணவு, அதற்கும் முன்பு 1920இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றில் தொடங்கிய உணவு. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு அவர் பெயர்தான் இருக்கிறது என்று சொன்னேன். "தெனம் அந்த வழியாத்தான் போறேன்" என்றார். தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது வகை வீடும் உண்டு, அங்கே எல்லாம் சிஸ்டத்தின் குற்றம். ஐடிஐ படிக்கும் மகன் வாரத்தில் இரண்டு நாள் போகவில்லை என்றாலும் அதற்கு ஒரு முதலாளித்துவ விளக்கம் இருக்கும். நான் தொழிற்சங்க வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இந்த வீடுகளில்தான் எனக்குக் கூடுதலாக வருத்தம் வரும். ஏனென்றால் அந்த அரசியலை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன்.

1918 ஏப்ரல் 27ஆம் தேதி பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் பெயர்களை எங்கள் நைனா சொந்தக்காரர்களைச் சொல்வதுபோலச் சொல்வார். ஆலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். நான் ஏழாவது படிக்கும்போது காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் 24 மார்க். 35 எடுத்தால்தான் பாஸ். "டீச்சர் எனக்குன்னா பாரபட்சம் பாக்கறாங்க நைனா" என்று அழுதேன். சங்கத்துக்காரர் ஆச்சே, சண்டைக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். மறுநாள் அரை ஷிப்ட் லீவு போட்டு வந்தார். விடைத்தாளைக் காட்டுங்கம்மா என்று டீச்சரிடம் பணிவாகக் கேட்டு, ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துக் கூட்டினார். ஒரு பக்கத்தில் இரண்டு மார்க் கூட்டலில் விட்டுப்போயிருந்தது. டீச்சர் திருத்தி 26 ஆக்கினார். நைனா கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஓட்டேரிப் பாலத்துப் பக்கம் நடந்து வரும்போது சொன்னார்: "உனுக்கு நாயமா வரவேண்டிய ரெண்டு மார்க்க கேட்டு வாங்கியாச்சு. மீதி ஒம்போது மார்க்க யார்கிட்டப் போயி கேக்கறது?"

திட்டவில்லை. அந்தக் கேள்விதான் இன்றும் என் தொழில் கருவி. வெல்டிங் பட்டறைக்காரரின் பையனிடமும் ஒரு தாளைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொன்னேன். ஒரு பக்கம் அவன் கையில் இல்லாதது, மறு பக்கம் அவன் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் தண்ணீர், கரண்ட், நனைந்த புத்தகம். மறு பக்கத்தில் அவனாகவே எழுதினான்: 'தண்ணி வடிஞ்ச அப்புறம் பத்து நாள் போன்ல கேம் ஆடுனேன். பிரெண்டுகிட்ட நோட்டு கேக்கல, ஏன்னா அவனை ஓசின்னு திட்டிட்டேன். கையெழுத்து போட்டேன்.' அந்தத் தாளை அவன் சம்மதத்தோடு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வலது பக்கத்தைத்தான் முதலில் படிப்பார் என்று நினைத்தேன். இடது பக்கத்திலேயே நின்றுவிட்டார். "புக்கு நனஞ்சத ஏன்டா சொல்லல?" என்று கேட்டார், அவர் குரல் அடைத்திருந்தது.

இதை வீட்டிலேயே செய்யலாம். ஆலோசகர் தேவையில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ தங்கள் தாளையும் ஒரு தடவை எழுதிக்காட்ட வேண்டும். அதில்தான் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். இன்னொன்று, தேர்தல் நேரத்தில் பிள்ளை கையில் கொடியும் நோட்டீசும் கொடுத்து அனுப்பாதீர்கள். பிரச்சார வேலைகளில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயதில் ஓட்டு வரும்போது பிள்ளை தானே முடிவு செய்யட்டும்.

லீடர் சிறுமியின் வீட்டுக்கு வருகிறேன். அப்பா கடைசிவரை தன் வாதத்தை விடவில்லை. அம்மாதான் ஒருநாள் என் அறையில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் வாங்கனது தப்புதான்டி. வாடக பாக்கி இருந்துச்சு, சிலிண்டரும் தீந்துபோச்சு. அதனால தப்பு இல்லன்னு ஆயிடாது." பிள்ளை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருப்பிக் குடுத்துடுவியா?" என்று கேட்டாள். "செலவாயிடுச்சு. இனிமே வாங்க மாட்டேன்." அந்த டிசம்பரில் என்ன நடந்தது என்று அந்த அம்மாவிடம் நான் கேட்கவில்லை, கேட்பது என் வேலையும் இல்லை.

பிள்ளை, வாங்கிய ஐந்து ரூபாய்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தாள். உண்டியலை உடைத்தும் போதாமல் அம்மாவிடம் கடன் வாங்கினாள். முடித்துவிட்டு வந்தவள் முகம் தெளியவில்லை. "துட்டு குடுத்தவங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டேன் மேடம். அவன் குடுக்கவே இல்லியே. அவனுக்கு இன்னா குடுக்கறது?"

எனக்கும் உடனே பதில் வரவில்லை. "அவனையே கேளேன்" என்றேன்.

கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் தான் லீடராக இருக்க வேண்டும் என்றானாம். டீச்சரும் ஒத்துக்கொண்டார், முட்டி போடுவது கிடையாது என்ற நிபந்தனையோடு. அந்த வாரம் இரண்டு நாள் இவள் பெயர் பலகையில் இருந்ததாம். பேசியது உண்மைதான் என்பதால் அழிக்கச் சொல்லவில்லை என்றாள்.