உலையின் ஒளியும் உப்பின் ஒளியும்

சுவாமிமலையில் சிலை வார்க்கும் நாளில் மூசைக்குள் (உலோகம் உருக்கும் கலம்) உலோகம் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆரஞ்சாகத் தகதகக்கும். அதில் பெரும்பங்கு செம்பு. ஆனால் நிறத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. உலைக்குள் எங்கும் சூடு ஒன்றாகிவிட்டால் கரி, மூசை, உலோகம் மூன்றும் ஒரே மாதிரி ஒளிரும். எது எங்கே முடிகிறது என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடாது. எவ்வளவு சூடு என்பதை மட்டும் காட்டும் ஒளி அது. 1860 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இந்த விதியை வகுத்தவர் இயற்பியலாளர் கிர்க்காஃப்.

சரி, அந்த ஒளியில் ஊதா ஏன் இல்லை? பழைய இயற்பியலின் கணக்குப்படி சூடான எந்தப் பொருளும் ஊதாவையும் புறஊதாவையும் கட்டுக்கடங்காமல் கொட்ட வேண்டும். அது நிஜமாக இருந்தால் உலைப் பக்கம் யாரும் போக முடியாது. அடுப்படிக்கும் அதே கதிதான். 1900-இல் மேக்ஸ் பிளாங்க் வேறு கணக்குப் போட்டார்: ஒளியின் ஆற்றல் பொட்டலம் பொட்டலமாகத்தான் கைமாறும், அதிர்வெண் கூடக் கூடப் பொட்டலமும் பெரிதாகும்; சிவப்பைவிட ஊதாவுக்கு அதிர்வெண் அதிகம். 1,100 டிகிரியில் அணுக்களிடையே புழங்கும் ஆற்றல் சுமார் 0.12 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). ஊதாப் பொட்டலம் ஒன்றுக்கு 3 வேண்டும். பையில் 12 ரூபாயோடு 300 ரூபாய்ச் சரக்கைக் கேட்பது மாதிரி, சில்லறையாகவும் தரமாட்டார்கள். சிவப்புக்கே 1.8 ஆகிறது. அதனால்தான் உலை வீசுவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. முகத்தில் அடிக்கும் அனல் அதுதான்.

வேதாரண்யத்து உப்பின் கதையே வேறு. குழம்பு பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் அது. உருகிய உலோகத்தில் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால் அவற்றின் ஆற்றல் நிலைகள் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய படிகள்) பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தச் சூடு தரக்கூடிய எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் வரும். சுடரில் சோடியம் அணு தனித்துத் திரிகிறது. அதன் எலக்ட்ரான் குறிப்பிட்ட நிலைகளில்தான் இருக்க முடியும். மேலேறி இறங்கும்போது 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள். வேறு எந்தத் தனிமத்துக்கும் இந்த ஜோடி கிடையாது. செம்பும் ஆவியாகிச் சுடரில் ஏறினால் பச்சை காட்டிவிடும்.

சுடரில் தனிமங்களை இப்படி அடையாளம் காண்பதையும் அதே கிர்க்காஃப்தான், வேதியியலாளர் புன்சனோடு சேர்ந்து, முறையாக நிலைநாட்டினார். நிலைகள் ஏன் துண்டு துண்டாக இருக்கின்றன என்பதற்குப் பிளாங்கின் பொட்டலத்தை அணுவுக்குள் கொண்டுபோய் 1913-இல் முதல் விளக்கம் தந்தவர் நீல்ஸ் போர். ஹைட்ரஜனுக்கு அவர் கணக்கு அச்சாகப் பொருந்தியது. சோடியத்துக்கு அது போதவில்லை. அதற்கு 1920-களின் குவாண்டம் இயக்கவியல் வர வேண்டியிருந்தது.