மோரில் இடும் உப்பு என்ன செய்கிறது?

பங்குனி வெயிலில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வருபவருக்கு மோர் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு, உப்புக் கரைத்த அந்த மோரை மூக்குப்பேணியில் அண்ணாந்து குடிக்கும்போது நாக்கு முதலில் அறிவது உப்பைத்தான். அது சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. குடித்த நீர் இரத்தத்தில் சேர்வதற்கும் உடலில் தங்குவதற்கும் துணைநிற்பது.

சிறுகுடலின் சுவரில் நீரை இறைக்கும் பொறி எதுவும் இல்லை. கரைந்த பொருள்கள் எப்பக்கம் கடக்கின்றனவோ, அப்பக்கம் நீரும் தொடர்ந்து செல்கிறது. குடற்கலங்களின் மேற்பரப்பிலுள்ள, பொருள்களைச் சுமந்து கடத்தும் ஒரு காவிப் புரதம், இரண்டு சோடியம் அயன்களையும் ஒரு குளுக்கோசு மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது. இந்த இணைவை 1960இல் முன்வைத்தவர் அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் ரொபேர்ட் கிரேன். வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியின் அடிப்படையும் இதுவே. இத்தகைய கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2002இல் அறிவித்த அளவில் சோடியமும் குளுக்கோசும் லீற்றருக்கு 75 மில்லிமூல் வீதம் சமமாக உள்ளன. மோரிலோ, பாற்சீனி உடையும்போது கிடைக்கும் குளுக்கோசும் கலக்டோசும் அதே காவியில் ஏறுகின்றன.

பழஞ்சோற்றுத் தண்ணீர் இன்னும் நுட்பமானது. நீரை எப்பக்கம் இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையே அன்றி அவற்றின் எடையன்று. சோற்றின் மாப்பொருள் மிக நீண்ட சங்கிலி என்பதால், எடை கூடினாலும் துகள்கள் குறைவு. குடலில் நொதியங்கள் அதைச் சிறிது சிறிதாக வெட்ட வெட்ட, குளுக்கோசு உடனுக்குடன் உறிஞ்சப்படுகிறது. இனிப்புச் சோடாவில் நடப்பது இதற்கு எதிர்மாறு: 100 மில்லிலீற்றருக்கு 10 கிராமளவு சீனி ஒரேயடியாக வந்து இறங்குவதால், முதலில் குடலே உடலிலிருந்து நீரை வாங்கவேண்டியிருக்கிறது. வயிற்றோட்டக்காரருக்குச் சோடா வாங்கிக் கொடுக்கும் பழக்கம் என்னளவில் கைவிடத்தக்கது.

உறிஞ்சப்பட்ட நீர் தங்கவும் வேண்டும். வெறுந்தண்ணீரை ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் இரத்தம் சற்று நீர்த்து, அதை உணரும் மூளை சிறுநீரைத் தடுக்கும் ஓமோனைக் குறைத்துவிடுகிறது. மிகுதி நீர் அரைமணி, ஒருமணி நேரத்தில் வெளியேறத் தொடங்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு லீற்றர் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் பாலும் ஜீவனி போன்ற உப்புக் கரைசலும் தண்ணீரைவிட அதிகம் தங்கின. தேநீரும் கோப்பியும் தண்ணீரை ஒத்திருந்தன. ஆகவே பனங்கட்டி கடித்துக் குடிக்கும் பிளேன்ரீ உடலை வறட்டும் என்பது பொருந்தாது. சோற்றோடு சேர்த்துக் குடித்தால் மட்டும், கீரையிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் குறைத்துவிடும்.

இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால், தோட்டவேலைக்குப் பின் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பும் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கோ அந்தப் பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். அவர்கள் வைத்தியரைக் கேளாமல் செவ்விளநீரைத் தொடலாகாது. உயர் குருதியழுத்தம் உள்ளவர் வீட்டு விறாந்தையில் இருந்து குடிக்கும் மோருக்கும் உப்புத் தேவையில்லை.