‘கூலி வேலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

புது வீட்டில் சமையல் மேடை அமைக்கும் நாளில் வாசலில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? கிரானைட் பலகையைப் போர்ட்டிகோவில் இறக்குவார்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் அளவெடுத்து வெட்ட வேண்டும். ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டிங் மெஷினைக் கல்லின் மேல் அழுத்தி இழுப்பார். முகத்தில் ஒரு துண்டு சுற்றியிருக்கும். சில நொடிகளில் வெள்ளைத் தூசு எழும்பி ஆளையே மறைத்துவிடும். வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். வேலை முடிந்ததும் தரையையும் தொட்டிச் செடிகளையும் கழுவி விடுவதோடு அந்தத் தூசின் கதை நமக்கு முடிந்துவிடுகிறது.

கோவையில் நெஞ்சக நோய் மருத்துவராகப் பணியாற்றும் நான், செடியில் படிந்த தூசைப் பற்றி எழுத வரவில்லை. அது கீழே விழுந்துவிட்டது, கழுவியும் விட்டாகிவிட்டது. விழாமல் காற்றில் நிற்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கிரானைட்டில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குவார்ட்ஸ் இருக்கும். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா, ஒழுங்கான அடுக்கில் பிணைந்த படிகம் அது. மணற்கல்லில் இன்னும் மிகுதி. மார்பிளில் மிகக் குறைவு. சந்தையில் கருப்பு கிரானைட் என்று விற்கப்படும் பலகைகள் பெரும்பாலும் வேறு வகைப் பாறை, அவற்றிலும் குவார்ட்ஸ் குறைவுதான். ஆனால் வெட்டுகிறவர் ஒரே நிறக் கல்லை மட்டும் வெட்டிப் பிழைக்க முடியாது. அண்மைக் காலமாகக் கடைகளில் ‘குவார்ட்ஸ் டாப்’ என்று ஒரு செயற்கைப் பலகை வருகிறதே, அதில் பல வகைகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்காதான். மிச்சம் பிசினும் நிறமும். இதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்து நுரையீரல் நோய்க்கு ஆளானதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இத்தகைய பலகைகளின் தயாரிப்பையும் விற்பனையையும் பதிப்பையுமே தடை செய்துவிட்டது. இங்கே அதே பலகை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நம் வாசலில் வெட்டப்படுகிறது.

கடற்கரை மணலும் சிலிக்காதானே, அதில் குழந்தைகள் புரளவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மணல் துகள் பெரிது, அது நுரையீரல் வரை போகாது. கல்லை வெட்டும்போதும் அரைக்கும்போதும் துளையிடும்போதும் உடைபடும் துகள்களில் ஒரு பகுதி ஐந்து மைக்ரானுக்கும் சிறியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் குவார்ட்ஸ் துகளோ அசைவே இல்லாத காற்றில்கூட அதே தூரம் இறங்க நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே மெஷினை நிறுத்திய பிறகு ‘தூசு அடங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும் நேரத்தில், கண்ணுக்குத் தெரிந்த தூசு மட்டுமே அடங்கியிருக்கிறது. கல் வெட்டியவர் அதே இடத்தில் முகத்துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

இந்த நுண்துகள் மூக்கின் ரோமத்திலும் தொண்டையின் சளியிலும் சிக்காமல் காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேர்கிறது. அங்கே காவல் இருக்கும் விழுங்கு செல்கள் அதைக் கிருமியைப் பிடிப்பது போலவே பிடித்து விழுங்குகின்றன. கிருமி செரித்துவிடும், குவார்ட்ஸ் செரிக்காது. விழுங்கிய செல் சேதமாகிச் செத்துப்போகிறது. உள்ளே இருந்த துகள் அப்படியே வெளியே வருகிறது, அடுத்த செல் அதை விழுங்குகிறது. ஒவ்வொரு முறையும் அழற்சி, ஒவ்வொரு அழற்சியின் மேலும் ஒரு வடு. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் முகங்கள் வேதிவினைக்கு மிகத் துடிப்பாக இருப்பதால், பழைய தூசைவிட மெஷினிலிருந்து அப்போதுதான் கிளம்பும் தூசு கூடுதல் நஞ்சு. வேலையை விட்டுவிட்டு வந்த பிறகும் நோய் முற்றிக்கொண்டே போவதற்குக் காரணம், துகள் உள்ளேயே தங்கிவிடுவதுதான். இந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். வடுவாகிவிட்ட நுரையீரலை மறுபடி மென்மையாக்கும் மருந்து எதுவும் கிடையாது.

அளவாகத் தூசு சுவாசித்தவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே நோய் வெளியில் தெரியும். தூசு மிகுந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள். மூடிய இடத்தில் கடும் தூசில் நின்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே நுண்ணறைகளில் புரதத் திரவம் நிறைந்து உயிரைப் பறித்ததும் உண்டு. இத்தோடு நுரையீரல் புற்றுநோய், சிறுநீரக நோய், மூட்டுவாதம் ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது. 1997-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது.

இனி என் புறநோயாளிப் பிரிவில் நான் காண்பது. ஒருவர் மஞ்சப்பையிலிருந்து எக்ஸ்ரே படங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. மாடி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. காசநோய் என்று சொல்லி வெவ்வேறு ஊர்களில் மூன்று முறை முழுச் சிகிச்சை முடித்திருக்கிறார். சளிப் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை. படங்களைத் தேதி வரிசைப்படி விளக்குப் பெட்டியில் மாட்டினேன். மிகப் பழைய படத்திலேயே இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் சிறு சிறு வட்ட முடிச்சுகள் சமமாகப் பரவியிருந்தன. நுரையீரல் வேரில் உள்ள நிணநீர்க் கணுக்களின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்து வளையமாகத் தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டிகளாகியிருந்தன. எல்லாச் சீட்டிலும் தொழில் என்ற இடத்தில் ஒரே சொல்தான்: ‘கூலி’.

என்ன கூலி வேலை என்று கேட்டேன். கிரானைட் பாலிஷ் பட்டறையில் பத்தொன்பது வயதிலிருந்து இருந்ததாகச் சொன்னார். அந்த ஒரு பதிலில் நோயின் பெயர் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போயிருக்கிறது.

நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு ‘என்ன தொழில் செய்கிறீர்கள்’ என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-ஆம் ஆண்டில் எழுதினார். கல்தச்சர்கள் கூரான கற்பொடியைச் சுவாசித்து நோய்ப்படுவதையும் அவரே பதிவு செய்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம் சீட்டுகளில் ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. காசநோயும் சிலிகோசிஸும் படத்தில் ஒன்றுபோல் ஏமாற்றக்கூடியவை, இரண்டும் நுரையீரலின் மேல்பகுதியை விரும்புபவை. அதைவிடச் சிக்கல், சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் உண்மையிலேயே வருகிறது. காசநோய்க் கிருமியைக் கொல்ல வேண்டிய அதே விழுங்கு செல்கள்தானே குவார்ட்ஸை விழுங்கிச் செத்துக்கொண்டிருக்கின்றன? ஆகவே ‘இது சிலிகோசிஸ்தான்’ என்று காசநோயை மறந்துவிடுவதும் தவறு. இரண்டையும் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் சிகிச்சைக் காலத்தை நீட்டிக்க வேண்டிவரும். காசநோய் இல்லை என்று உறுதியானால், அது வராமல் தடுக்கும் மாத்திரைக்கு இவர்கள் தகுதியானவர்கள்.

கோவைக்காரர்கள் வார்ப்படச் சாலைகளை மறந்துவிடக் கூடாது. அச்சு செய்வது சிலிக்கா மணலில். அதன் மேல் உருகிய இரும்பு ஊற்றப்படுகிறது. ஆறிய அச்சை உடைத்து, வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டியும் கிரைண்டரால் தேய்த்தும் எடுக்கும் இடத்தில்தான் தூசு அதிகம். கடும் வெப்பத்தில் குவார்ட்ஸின் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட் என்ற மற்றொரு படிகமாக மாறலாம், அதுவும் நுரையீரலுக்குக் கேடுதான். ஷிப்ட் முடிந்ததும் சிலர் அழுத்தக் காற்றுக் குழாயை எடுத்துத் தலை முதல் கால் வரை ஊதிக்கொள்வார்கள். சட்டையிலிருந்த தூசு முழுவதும் மூக்கின் உயரத்தில் கிளம்பும். சுத்தமாகிவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போவார்கள். இந்த ஒரு வழக்கத்தை நிறுத்த எந்த முதலாளிக்கும் பெரிய செலவு ஆகாது. ஈரத்துணியும், நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கருவியும், மாற்றுத் துணியும், குளிக்க ஒரு குழாயும் போதும்.

வெல்லம் தின்றால் தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை கல் வேலைக்காரர்களிடம் வேரூன்றியிருக்கிறது. வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசு இருப்பது நுரையீரலில். இரண்டுக்கும் வழி வேறு. முகத்தில் சுற்றும் துண்டும் அப்படித்தான், அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இந்தத் துகளுக்கு அகன்ற வாசல். முகத்தோடு நன்றாகப் படியும் என்-95 வடிகட்டி முகமூடி உதவும். தாடி இருந்தால் விளிம்பு படியாது. வியர்வையில் நனைந்து தொங்கினாலும் பயனில்லை. கோடை வெயிலில் எட்டு மணி நேரம் அதைக் கழற்றாமல் வேலை செய்யச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் முகமூடியை நான் கடைசியாகத்தான் சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே நீர் விழுந்தால் தூசின் பெரும்பகுதி எழும்பாமல் சேறாகிவிடும். அந்தச் சேறு காய்வதற்குள் வழித்தெடுக்க வேண்டும், காய்ந்தால் மறுபடி தூசுதான். மின்கருவி என்பதால் ஈரத்துக்கென்றே தயாரான மெஷினும் மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்பும் தேவை, சாதாரண மெஷின் மேல் குடத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள். இன்னும் நல்லது, அளவைக் கொடுத்து நீர் பாயும் மெஷின் உள்ள பட்டறையிலேயே வெட்டி வாங்குவது. இதற்கு ஆகும் கூடுதல் கூலியை வீடு கட்டுகிறவர்தான் தர வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வீட்டில் இந்தத் தொகைக்குப் பேரம் பேசாதீர்கள்.

எவ்வளவு தூசு அதிகம்? அமெரிக்கா 2016-இல் விதித்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் படிகச் சிலிக்கா. உழைக்கும் ஒருவர் ஒரு ஷிப்டில் சுமார் பத்து கன மீட்டர் காற்றைச் சுவாசிப்பார் என்று கொண்டால், நாள் முழுக்கச் சேர்ந்து அரை மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு சர்க்கரைத் துகளின் எடை. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இந்த வரம்பைக் கணக்கிட ஒரு வாய்ப்பாட்டைத் தந்தது. முப்பது விழுக்காடு குவார்ட்ஸ் உள்ள தூசுக்கு அதைக் கணக்கிட்டால் 94 மைக்ரோகிராம் அளவுக்கு வருகிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதையாவது எங்கே அளக்கிறார்கள்? உங்கள் போர்ட்டிகோவுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

சட்டத்தில் சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அது இருப்பதைக் கண்ட மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே சிலிகோசிஸையும், சிலிகோசிஸோடு சேர்ந்த காசநோயையும் தொழில்சார் நோய்களாக ஏற்றிருந்தது. ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கையே வகுத்து, சான்றளிக்கப்பட்ட நோயாளிக்கு மூன்று லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் அப்படியொரு கொள்கை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல்லடம், கரூர் பக்கத்துக் கிரஷர்களிலும் நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஒப்பந்தக்காரர் கைக்காசாகக் கூலி வாங்கியவர், தான் எங்கே வேலை பார்த்தோம் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லாமல் நிற்கிறார். எழுதப்படாத தொழிலுக்கு இழப்பீடு கேட்க முடியாது.

ஆகவே கல் வெட்டியவர், உடைத்தவர், பாலிஷ் போட்டவர், சிற்பம் செதுக்கியவர், கிணறு தோண்டியவர், வார்ப்பு தேய்த்தவர் யாராக இருந்தாலும், அந்த வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், இருமலோ இளைப்போ இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எந்தக் கல், எத்தனை ஆண்டு, எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். பழைய எக்ஸ்ரே படங்களை மடிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.