மலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

மொட்டை மாடியில் தட்டோடு பதித்து முடித்ததும் கொத்தனார் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து விடுவார். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, இந்த இரண்டுதான் அவர் கவலை. கம்ப்யூட்டரில் நில வரைபடம் போடுகிறவர்கள் முதலாவதை ஸ்லோப் என்கிறார்கள், இரண்டாவதை ஆஸ்பெக்ட். வடக்கு பார்த்த மனை என்கிறோமே, அந்த மாதிரி கிழக்கு பார்த்த சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரிக்குப் பக்கத்து வத்தல்மலையில் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதிலாக உயரக் கட்டங்கள் இருக்கின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் உயர எண். இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோப்பில் வாட்டம் என்று எதுவும் எழுதியிருக்காது. அக்கம்பக்கத்துக் கட்டங்களை ஒப்பிட்டு நாம்தான் கறந்தெடுக்க வேண்டும்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மேற்கே உயரம் 624 மீட்டர், கிழக்கே 600. இரண்டுக்கும் நடுவே 60 மீட்டர் தூரம், 24 மீட்டர் இறக்கம், அதாவது 0.4. வடக்கே 621, தெற்கே 603. இங்கே இறக்கம் 18 மீட்டர், அதாவது 0.3. பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம் ஞாபகம் வருகிறதா? மொத்த வாட்டம் 0.5. நூற்றுக்கு 50, கோணத்தில் 26.6 டிகிரி. திசை? வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 127 டிகிரி. அதாவது தென்கிழக்கு பார்த்த சரிவு. பல மென்பொருள்கள் மூலைக் கட்டங்களையும் சேர்த்து, 1981-ல் பெர்த்தோல்ட் ஹார்ன் என்ற ஆய்வாளர் சொன்ன முறையில் கணக்குப் போடுகின்றன. அடிப்படை இதுதான்.

நூற்றுக்கு 100 என்றால் செங்குத்து என்று நினைத்துவிடாதீர்கள், அது வெறும் 45 டிகிரி. அப்புறம், தொப்பூர் கணவாய்ச் சாலையின் இறக்கத்தை இந்த வரைபடத்தில் தேடவும் கூடாது. சாலை கட்டத்தைவிடக் குறுகல். கிடைப்பது மலைச்சரிவின் வாட்டம், லாரி இறங்கும் வாட்டம் அல்ல. கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறையின் செங்குத்தான முகமும் இதே மாதிரி மழுங்கித்தான் தெரியும்.

நான் முதன்முதலில் போட்ட வரைபடத்தில் பாலக்கோட்டு வயல்கூட 89 டிகிரி செங்குத்தாக நின்றது! கட்டத்தின் அகலம் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில், உயரம் மீட்டரில். இரண்டையும் அப்படியே வகுத்தால் வேறென்ன வரும்? முதலில் எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்ற வேண்டும். அதிலும் நம் ஊருக்கென்று ஒரு வம்பு உண்டு. பூமியை நெடும்பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறைக்கு யுடிஎம் என்று பெயர். அதன் பட்டைகளான மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நம் பகுதியின் ஊடாகவே போகிறது. ஓசூர் 43-ஆம் மண்டலம், தர்மபுரி 44. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து முழுதும் அதிலேயே வேலை செய்வதுதான் எனக்குச் சரிப்பட்டது.

திசையில் இன்னொரு பொறி. 350 டிகிரியும் 10 டிகிரியும் ஏறக்குறைய வடக்குதான். சராசரி எடுத்தால் 180, சுத்தமான தெற்கு!

சரி, திசை தெரிந்து என்ன பயன்? வெயில். தெற்கு பார்த்த சரிவுதான் சூடு என்று ஐரோப்பியப் பாடங்கள் சொல்லும். ஆனால் தர்மபுரியில் ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் உச்சிக்கு வடக்கே. நாம் பார்த்த 26.6 டிகிரி சரிவையே வடக்கு பார்த்தும் தெற்கு பார்த்தும் வைத்துக் கணக்கிட்டால், டிசம்பர் நடுப்பகலில் தெற்குச் சரிவுக்கு வடக்கைப் போல இரண்டு மடங்கு நேர் வெயில். ஜூனிலோ வடக்குச் சரிவுக்குத்தான் ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.