பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும்: எக்செலை நிரல் இயக்கும் விதம்

மாதக் கடைசியில் பல கிளைகளின் கணக்குகளை ஒரே தாளில் தொகுக்கும் பணியில் இருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “பைத்தான் என்ற நிரல்மொழியில் மூன்று வரிதான் எழுதினேன். எக்செல் தானாகத் திறந்தது, கட்டத்தில் எண் வந்து விழுந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. பைத்தானை உருவாக்கியவர்கள் வேறு, எக்செலை உருவாக்கியவர்கள் வேறு. அப்படியிருக்க, ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு எப்படிப் புரிகிறது?”

மிக நல்ல கேள்வி. உண்மையில் இங்கே தாண்ட வேண்டிய தடைகள் இரண்டு. இயங்குதளம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி நினைவகப் பரப்பை ஒதுக்கி, ஒன்று மற்றொன்றின் பரப்பைத் தொடாதபடி காவல் காக்கிறது என்பது பள்ளியிலேயே படித்ததுதான். இரண்டாவது தடை அதைவிட நுட்பமானது. மூலநிரலில் நாம் வைக்கும் பெயர்கள் எந்திர மொழியாக மாறும்போது பெரும்பாலும் மறைந்து, வெறும் முகவரிகளே எஞ்சுகின்றன. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், திரும்பிப் பார்க்க உள்ளே யாரும் இல்லை.

இந்தத் தடைகளைக் கடக்க மைக்ரோசாஃப்ட் 1987-இல் டிடிஇ என்ற எளிய செய்திப் பரிமாற்ற முறையைக் கொண்டுவந்தது. பிறகு 1993-இல், ஒரு மென்பொருளின் ஆவணத்துக்குள் மற்றொன்றின் படைப்பைப் பொருத்தும் ஓஎல்இ முறையின் இரண்டாம் பதிப்புடன், மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான ‘காம்’ என்ற பொது உடன்பாட்டை வகுத்தது. அதன்மேல் அமைந்த, ஒரு மென்பொருளை வெளியிலிருந்து நிரலால் இயக்க உதவும் பகுதிக்கு ஆட்டோமேஷன் என்று பெயர். உங்கள் மூன்று வரிகள் இன்றும் அந்த வழியாகத்தான் செல்கின்றன.

முதல் வரியில் ‘எக்செல்.அப்ளிகேஷன்’ என்று எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரைத் தேடி, அதற்குரிய 128 பிட் அடையாள எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்கு நேரே குறித்திருக்கும் மென்பொருளை இயக்குகிறது. எக்செல் திரையில் தோன்றாமலேயே ஓடத் தொடங்குகிறது. ‘விசிபிள்’ என்ற பண்பை நாம் மாற்றினால்தான் அதன் சாளரம் கண்ணுக்குத் தெரியும். இதுவரை நடந்தது முகவரிப் புத்தகத்தைப் புரட்டும் வேலை. அதன் பிறகு நடப்பதைத்தான் நான் பல ஆண்டுகளாக வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எக்செலின் நூற்றுக்கணக்கான வசதிகளுக்கும் தனித்தனி வாசலை உங்கள் நிரல் தேடிப் போவதில்லை. ‘ஐடிஸ்பேட்ச்’ என்ற ஒரே இடைமுகம், அதாவது ஒரே பொது வாசல், அதற்குப் போதும். அந்த இடைமுகம் ஏழே செயல்களின் முகவரிகள் கொண்ட ஒரு பட்டியல். வரிசை எந்த மென்பொருளிலும் மாறாது. முதல் மூன்றும் காம் பொருள்கள் (காம் உடன்பாட்டின்படி அழைக்கத் தக்க நிரல் அலகுகள்) அனைத்துக்கும் பொதுவானவை. அடுத்த இரண்டும் பொருளின் விவரக்குறிப்பைத் தருபவை. ஆறாவது இடத்தில் இருப்பது ‘கெட்ஐடிஸ்ஆஃப்நேம்ஸ்’, ஏழாவது இடத்தில் இருப்பது ‘இன்வோக்’. முழு வித்தையும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

நிரலில் ‘விசிபிள்’ என்ற பண்பை ‘ஆம்’ என்று மாற்றச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு பண்பு இருக்கிறதா என்பது பைத்தானுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. அது ஆறாவது முகவரியை அழைத்து, “உன்னிடம் விசிபிள் என்று ஏதேனும் உண்டா?” என்று அந்த எழுத்துகளை அப்படியே நீட்டுகிறது. எக்செல் தன் அட்டவணையைப் பார்த்து, “உண்டு, அதன் எண் 558” என்கிறது. உடனே பைத்தான் ஏழாவது முகவரியை அழைத்து, 558 என்ற எண்ணையும், செய்ய வேண்டியது என்ன என்பதற்கான குறியையும், புதிய மதிப்பையும் ஒப்படைக்கிறது. பண்பைப் படிப்பதற்கான குறி 2, மாற்றுவதற்கான குறி 4. எழுத்துப் பிழையோடு ஒரு பெயரைக் கேட்டால், அப்படி ஒரு பெயர் இல்லை என்ற பிழைக்குறி திரும்பி வரும். எந்திர மொழியாகும்போது தொலைந்த பெயர்களை, ஓடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே கேட்டறிய ஒரு வழி இவ்வாறு கிடைத்துவிடுகிறது. எக்செலுக்குப் பிறகு தோன்றிய மொழிகளும் அதனோடு பேச முடிவது இதனால்தான்.

ஒப்படைக்கும் மதிப்பும் கட்டற்றதாக இருக்கக் கூடாது. அது ‘வேரியன்ட்’ என்ற பெட்டியில் அடைபட்டுச் செல்கிறது. பெட்டியின் மேல் உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் எண் ஒட்டப்பட்டிருக்கும். முழு எண்ணுக்கு 3, பதின்மப் புள்ளி எண்ணுக்கு 5, தேதிக்கு 7, எழுத்துச் சரத்துக்கு 8, ஆம் அல்லது இல்லை என்பதற்கு 11. இங்கே ‘ஆம்’ என்பதன் மதிப்பு 1 அன்று, -1. அதாவது 16 பிட்டுகளும் எரியும் நிலை. எழுத்துச் சரங்கள், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் செல்வதால் தமிழும் சிதையாமல் கடக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகி 10 பைட்டுகளை எடுத்துக்கொள்ள, அந்த 10 என்ற நீளம் சரத்துக்கு முன்னால் நான்கு பைட்டுகளில் எழுதப்படுகிறது. அனுப்புகிற மொழிக்கும் பெறுகிற மென்பொருளுக்கும் தமிழ் தெரிய வேண்டிய தேவையே எழுவதில்லை.

நினைவகச் சுவரைக் கடக்கும் கதையும் இந்தப் பெட்டியோடுதான் பிணைந்திருக்கிறது. பைத்தானின் கையில் இருப்பது உண்மையான எக்செல் பொருள் அன்று. விண்டோஸ் அதன் இடத்தில் நிறுத்திய பதிலாள். அந்தப் பதிலாள் பெட்டியின் மேலிருக்கும் எண்ணைப் பார்த்து எத்தனை பைட்டுகளை நகலெடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கட்டி மறுபுறம் அனுப்ப, அங்கிருக்கும் இன்னொரு பதிலாள் பிரித்து எக்செலிடம் கொடுக்கிறது. இந்தப் பயணத்துக்குச் செலவு உண்டு. பத்தாயிரம் கட்டங்களில் ஒவ்வொன்றாக எழுதினால் பத்தாயிரம் பயணங்களுக்குக் குறையாது. அதே எண்களை ஈரடுக்கு அணியாக்கி, அதாவது அட்டவணை வடிவில் அடுக்கி, அந்தப் பரப்பு முழுவதற்கும் ‘வேல்யூ’ என்று ஒரே முறை கொடுத்தால் மதிப்புகள் ஒரே பயணத்தில் போய்ச் சேரும். உங்கள் தொகுப்பு மெதுவாக ஓடினால் முதலில் இங்கே பாருங்கள்.

வேலை முடிந்த பின்னும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் நின்றுகொண்டிருப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் அதை வைரஸ் என்று முடிவுகட்டி, கணினி முழுவதையும் அழித்து மறுபடி நிறுவினார்கள். ஒரு வாரம் கழித்து எக்செல் மறுபடியும் அங்கேயே நின்றது. காரணம் எளிய எண்ணிக்கைதான். தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு காம் பொருளும் எண்ணி வைத்திருக்கிறது. நீங்கள் ‘க்விட்’ என்று சொன்னாலும், எங்கோ ஒரு மாறி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் எக்செல் போகாது. சி ஷார்ப் போன்ற மொழிகளில், புள்ளி வைத்துத் தொடர்ந்து எழுதும் வரிகளில் பெயரிடப்படாமல் உருவாகும் இடைநிலைப் பொருள்கள், பயன்படாத பொருள்களை மொழியே அவ்வப்போது விடுவிக்கும் ‘குப்பை சேகரிப்பு’ நடக்கும் வரை இப்படிப் பிடித்திருக்கும். புரியாத ஒன்றைக் கண்டதும் பேய் என்றோ வைரஸ் என்றோ பெயர் சூட்டும் பழக்கம், படித்தவர்கள் நிறைந்த அலுவலகத்திலும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்படும் எந்த மென்பொருளும், தன்னை நிரல்வழி இயக்கத் தக்க இத்தகைய வாசலையும் அதற்கான முழு விளக்கத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத இடத்தில், ஒரு திரையில் தெரிவதைப் பார்த்து மற்றொரு திரையில் தட்டச்சு செய்வதிலேயே மனிதர்களின் நாள்கள் கழிகின்றன.

எக்செல் தன் வாசலைப் பூட்டி வைக்கவில்லை. எக்செலைத் திறந்து, ஆல்ட் விசையோடு எஃப்11-ஐ அழுத்தி, வரும் சாளரத்தில் எஃப்2-ஐ அழுத்துங்கள். அது மறுமொழி தரும் பெயர்கள் அகர வரிசையில் விரியும். ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்து கீழே இறங்கிச் சென்றால், 558 என்ற எண்ணுக்குரிய ‘விசிபிள்’ அங்கே இருப்பதைக் காண்பீர்கள்.