விரிசல் மேல் பிளேட் வைத்து மூடாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, டைவிங் கப்பல்கள் அரபிக்கடலின் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் திரும்பியதும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "பிரேஸ் வெல்டில் விரிசல். டைவர் கீழேதான் இருக்கிறார். ஒரு டப்ளர் பிளேட் வைத்து வெல்டு அடித்துவிடலாமா?" (பிரேஸ் என்பது எண்ணெய் மேடையின் கால்களை இணைக்கும் குறுக்குக் குழாய். டப்ளர், விரிசல் மேல் ஒட்டும் கூடுதல் தகடு.)

வேண்டாம். போன வருடமும் இதையேதான் சொன்னோம்.

மும்பை ஹையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 1976-ல். அங்குள்ள பழைய ஜாக்கெட்டுகளில் (மேடையைத் தாங்கிக் கடலடியில் ஊன்றி நிற்கும் குழாய்ச் சட்டகங்கள்) பல, வடிவமைத்தபோது போட்ட 25 ஆண்டுக் கெடுவைத் தாண்டி நிற்கின்றன. பராமரித்தால் இன்னும் நிற்கும். அவசரத்தில் ஒட்டும் பிளேட்டுதான் பயம் தருகிறது.

தண்ணீருக்குள் நேரடியாக அடிக்கும் வெல்டைக் கடல் நொடியில் குளிர்வித்துவிடும். ஒட்டிய எஃகு கடினமாகி, நொறுங்கும் குணம் வந்துவிடும். ஆர்க் நீரைப் பிளக்கும்போது வரும் ஹைட்ரஜனும் உள்ளே போகும். கார்பன் ஈக்விவலன்ட் (கார்பனும் மற்ற கலப்புகளும் எஃகை எவ்வளவு கடினமாக்கும் என்று சொல்லும் எண்) 0.40-ஐத் தாண்டிய எஃகில் இது புது விரிசலுக்கு அழைப்பு. பழைய மேடையின் எஃகுக் கலவையைச் சொல்லும் மில் சான்றிதழைத் தேடி எடுக்காமலே எலக்ட்ரோடை எடுப்பவர்கள்தான் அதிகம்.

வெல்டு நன்றாகவே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டின் ஓரத்தில் தகைவு (உலோகத்துக்குள் ஏறும் விசை) குவிந்து, அங்கே களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் வெடிப்பது, தொடங்கும். அடியில் இருக்கும் பழைய விரிசல் அப்படியே இருக்கும், இனி எம்பிஐ (காந்தத் துகளால் விரிசல் தேடும் சோதனை) எடுக்கவும் வழி கிடையாது. விரிசல் சுவரைத் துளைத்து பிரேஸுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. குழாய்க்குள் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, அந்த உறுப்பில் அடுத்த விரிசலைச் சொல்லவே சொல்லாது. ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதே!

"சின்ன வெல்டுதானே" என்பவர்கள் அலெக்சாண்டர் கீலாண்டை நினைத்துக்கொள்ளட்டும். 1980 மார்ச் 27, வடகடலின் எக்கோஃபிஸ்க் வயல். ஒரு ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) தாங்கியைப் பிரேஸில் பொருத்த அடித்த 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டில் தொடங்கிய விரிசல், அந்தப் பிரேஸையே அறுத்தது. ஒரு கால் பிய்ந்துபோய் மேடை கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள். அது மிதவை மேடை, நம்முடையது ஜாக்கெட் என்று வாதம் வரும். எஃகுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, என்ன செய்வது? முதலில் விரிசலின் நீளத்தையும் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். ஆழமில்லாதது என்றால் பர் கிரைண்டரால் தேய்த்து, குழியை வழவழப்பாக்கி, மறுபடி எம்பிஐ. பல கேஸ்கள் இதோடு முடிந்துவிடும்.

அடுத்து சுமையைக் குறையுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, எஃகு கூட்டினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழம். கூட்டும் ஒவ்வொரு குழாயிலும் அலை மோதும், எடையும் ஏறும். 600 மி.மீ. பிரேஸைச் சுற்றி 75 மி.மீ. சிப்பியும் பாசியும் படிந்தால் விட்டம் 750. அலை விசைக்கு 25 சதவீதம் கூடுதல் முகப்பு, சொரசொரப்பு தனி. அலை அதிகம் அடிக்கும் மேல் பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். மூடிய கிணறுகளின் கண்டக்டர்கள் (கிணற்றுக்கு உறையாக நிற்கும் குழாய்கள்), யாரும் தொடாத படகுத் தளம், டெக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கருவிகள் எல்லாம் கழிக்க வேண்டியவை. அதன் பிறகும் புஷ்ஓவர் கணக்கில் (எவ்வளவு அலை விசையில் மேடை சாயும் என்ற கணக்கு) பலம் போதாவிட்டால் கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பூட்டும் எஃகு உறை) பற்றிப் பேசலாம்.

நல்ல தேர்வு, கிரவுட் (சிமென்ட் கூழ்) நிரப்பி போல்ட் இறுக்கும் கிளாம்ப். அதிலும் சறுக்குகிறார்கள். வரைபடத்தை நம்பி செய்து, கடலடியில் பொருந்தாமல் நிற்கிறது. குழாயின் வட்டம் எங்கே நெளிந்திருக்கிறது, வெல்டு எங்கே புடைத்திருக்கிறது என்று டைவரை வைத்து அளந்த பிறகே ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்புங்கள். கிளாம்ப்புக்குள் வரும் குழாயின் பரப்பை வெறும் உலோகமாகத் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கிரவுட்டைக் கீழிருந்து ஏற்றி, மேல் வென்ட்டில் (வெளியேறும் துளையில்) வருவதன் அடர்த்தி கலவையின் அடர்த்திக்குச் சமமாகும்வரை பம்ப்பை நிறுத்தாதீர்கள். வெறுமனே "வந்துடுச்சு" என்பதில் பாதி தண்ணீர். கிரவுட்டில் சோதனை கியூப் எடுங்கள், அது தேவையான பலத்தை எட்டிய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். போல்ட் தளரும், திரும்ப வந்து இழுவையைச் சரிபார்க்கும் வேலையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கிளாம்ப்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே கிரவுட் இருப்பதால், துருவைத் தடுக்கும் மின்பாதுகாப்புக்கு வேண்டிய மின்தொடர்பு தானாக வராது. பட்டை போட்டு இணையுங்கள், அனோடையும் (தான் அரிந்து எஃகைக் காக்கும் உலோகக் கட்டி) கணக்கில் சேருங்கள். வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளந்தால் எஃகில் மைனஸ் 800 மில்லிவோல்ட்டாவது எதிர்மறையாக வர வேண்டும். மைனஸ் 1100-ஐத் தாண்டினால் உயர்வலிமை போல்ட்டுகளுக்கு ஹைட்ரஜன் ஆபத்து.

ஒரே ஒரு வேண்டுகோள்: டைவர் விரிசலைச் சொன்ன அன்றே எதையும் ஒட்டச் சொல்லாதீர்கள். அளவெடுத்து, படமெடுத்து மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் காத்திருக்கலாம். அந்த ஒரு வாரத்தில் அலை மோசமாகும் என்று வானிலை சொன்னால், மேடையிலிருந்து ஆட்களை இறக்குவது பற்றி யோசியுங்கள், பிளேட்டைப் பற்றி அல்ல.